சரசுவதி மகாலில் எங்கள் ஊர்

தஞ்சாவூர் அரண்மனைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளை நின்று பார்ப்பார்கள். மாடமாளிகையை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். புறப்படும் அவசரத்தில் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்து, கண்ணாடிப் பேழைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இதே ஊரில் பிறந்து வளர்ந்த நானும் நெடுங்காலம் அந்தக் கூடத்தை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் படித்தபோது எங்களை வரிசையாக அழைத்துச் சென்றார்கள். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் அருகருகே வரைந்து ஒப்பிட்ட படங்களும், சீன நாட்டுத் தண்டனைகளைக் காட்டும் படங்களும் மட்டுமே அன்று மனத்தில் தங்கின. அந்த முகங்களை வரைந்தவர் பிரான்சு மன்னரின் அரசவை ஓவியர் ஷார்ல் லெ புருன் என்பதோ, கடல் கடந்து கிடந்த அத்தகைய படங்களை எங்கள் ஊர் மன்னர் ஒருவர் ஏன் தேடிச் சேர்த்தார் என்பதோ அப்போது எங்களுக்குத் தோன்றாத கேள்விகள்.

சென்ற மாதம் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பெரிய கோயில், தலையாட்டிப் பொம்மை, கலைத்தட்டு என்று மூன்று வரி எழுதியதும் அவளுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு சரசுவதி மகாலுக்குப் போனேன். இந்த முறை படங்களை விட்டுவிட்டு, ஊரைப் பற்றிய பொருள்கள் எவை எவை என்று மட்டும் பார்ப்பதாக இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், உலகத்து அதிசயங்களின் தொகுப்பு என்று நான் எண்ணியிருந்த அந்தக் கூடம், தஞ்சாவூர் என்ற ஊரின் வரலாற்றுக் கூடமாக எனக்குத் திறந்தது.

முதலில் எங்களை நிறுத்தியது ஊரின் அமைப்பைப் பற்றிய பழைய ஆவணங்கள். நிலத்துக்கடியில் சென்ற கழிவுநீர்க் கால்வாய்கள், நன்னீர் வந்த வழிகள் ஆகியவற்றைப் பற்றிய ஆவணங்கள் இந்த நூலகத்தின் சேகரிப்பில் உள்ளன. ஒரு மன்னரின் நூலகத்தில் காவியமும் சாத்திரமும் இருப்பதில் வியப்பில்லை. சாக்கடை எந்த வழியாகப் போகிறது என்பதையும் எழுதிவைத்து, அதைக் காவியங்களுக்குப் பக்கத்தில் பாதுகாத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றியது. “அத்தை, சாக்கடையெல்லாம்கூட வரலாறா?” என்று அவள் கேட்டாள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் வரை நின்றதைக் கண்டவள் கேட்ட கேள்வி அது. ஆம் என்றேன். ஒரு ஊர் எப்படி வாழ்ந்தது என்பதை அதன் கோபுரங்கள் ஓரளவு சொல்லும். நீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பது மீதியைச் சொல்லும்.

தஞ்சாவூருக்கு இது மிகவும் பொருந்தும். ஊருக்கு மேற்கே இருந்த சேவப்ப நாயக்கன் ஏரியில் மழைநீர் சேரும். அங்கிருந்து சிவகங்கைக் குளத்துக்கு வரும். அதன் பிறகு நிலத்தடிக் குழாய் வழியாக அய்யன்குளம், சாமந்தான்குளம் ஆகியவற்றுக்குச் செல்லும். இந்த ஏற்பாட்டை ஜலசூத்திரம் என்று ஊரில் சொல்வார்கள். மேடு பள்ளத்தைக் கணக்கிட்டு, நீர் தன் போக்கிலேயே ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். நான்கு ராஜவீதிகளும், கோட்டையை ஒட்டிய அலங்கங்களும், அகழியும் சேர்ந்த அந்தப் பழைய ஊரின் உருவம் இன்றைய தெருப் பெயர்களில் அப்படியே இருக்கிறது. கீழ அலங்கத்தில் காய்கறி வாங்குகிற நமக்கு, அலங்கம் என்பது கோட்டை மதிலின் ஒரு பகுதி என்ற நினைவு வருவதில்லை. ஆவணங்களுக்கு முன்னால் நின்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னபோது அண்ணன் மகள் குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினாள். மூன்று வரியில் நின்றுபோன கட்டுரை அங்கேதான் நகர்ந்தது.

இந்த நூலகம் ஒருவரால் ஒரே நாளில் உண்டானதன்று. நாயக்க மன்னர்கள் காலத்திலேயே அரண்மனையில் சுவடிகளைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த இடத்துக்குச் சரசுவதி பண்டாரம் என்று பெயர். இரகுநாத நாயக்கர் தாமே கவி. அவர் அவையில் புலவர்கள் நிறைந்திருந்தார்கள். 1670களில் ஆட்சி மராட்டியர் கைக்கு வந்த பிறகும் சேகரிப்பு நிற்கவில்லை. ஆயினும் இன்று நாம் காணும் நூலகத்துக்கு உருவம் கொடுத்தவர் இரண்டாம் சரபோஜி. நூலகத்தின் முழுப் பெயரிலேயே அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. 1777இல் பிறந்து, 1787இல் துளஜா மன்னரால் தத்தெடுக்கப்பட்டு, வாரிசுச் சிக்கலில் அரியணையை இழந்து, சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் கண்காணிப்பில் வளர்ந்து, சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற்று, 1798இல் மன்னரானவர் அவர்.

மன்னரான மறு ஆண்டே, 1799இல், கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போய்விட்டது. தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டும் மன்னரிடம் நின்றன; ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு உரியவை என்று எழுதப்பட்டது. இருபத்திரண்டு வயதில் நாட்டை ஆளும் வேலை இல்லாமல் போன ஒரு மன்னர் அடுத்த முப்பத்து மூன்று ஆண்டுகளை எப்படிக் கழித்தார் என்பதற்கான விடைதான் இந்தக் கூடத்தில் இருக்கிற பெரும்பாலான பொருள்கள். இந்த உடன்படிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பேழைகளைப் பார்த்தால், பணம் படைத்த ஒருவரின் ஆசைச் சேகரிப்பாகத்தான் அவை தெரியும். மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கையிலிருந்து நாடு போன பிறகு அறிவைக் கொண்டு ஓர் ஊரை ஆள முயன்ற ஒருவரின் உழைப்பாக அவை தெரிகின்றன. நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

அவர் சேர்த்த ஐரோப்பிய மொழிப் புத்தகங்கள் மட்டும் 4,500 அளவில் இருக்கும். 1784இல் அச்சான ஜான்சனின் ஆங்கில அகராதி, 1791இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சான படங்களுடன் கூடிய விவிலியம், வேதியியலைப் புதிதாக வகுத்த லவாய்சியரின் நூல் எல்லாம் அவற்றில் உண்டு. பல புத்தகங்களில் மன்னர் ஆங்கிலத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். லண்டனில் இருந்த டோரின் என்பவர் அவருக்காகப் புத்தகங்கள் வாங்கி அனுப்பிய கடிதப் போக்குவரத்தும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கப்பல் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும் காலத்தில், ஒரு புத்தகம் வேண்டும் என்று எழுதிவிட்டு அது கைக்கு வரும்வரை காத்திருந்திருக்கிறார். வாங்கியவற்றை அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனவர் அல்லர் என்பதற்கு வெளியாரின் சான்றும் உண்டு. 1826இல் தஞ்சைக்கு வந்து அவரைச் சந்தித்த ஹீபர் பேராயர், லவாய்சியர், லின்னேயஸ், பஃபோன் போன்ற ஐரோப்பிய அறிவியலாளர்களை மன்னர் சரளமாக எடுத்துக்காட்டிப் பேசியதை வியந்து எழுதியிருக்கிறார்.

1805இல் அரண்மனையில் தேவநாகரி எழுத்தில் அச்சிடும் அச்சுக்கூடம் ஒன்றும் ஏற்பட்டது. நவவித்யா கலாநிதி என்று அதற்குப் பெயர். தென்னாட்டில் தேவநாகரி அச்சுக்கு அது மிகவும் முந்திய காலம்.

1820ஆம் ஆண்டு சரபோஜி காசிக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 3,000 பேர் உடன் சென்ற அந்தப் பயணம் இரண்டு ஆண்டுக்கு மேல் நீண்டது. வழியெல்லாம் தங்கி, கோயில்களில் வழிபட்டு, சுவடிகளை வாங்கியும் படியெடுக்கச் செய்தும் திரும்பினார். காசியின் படித்துறைகளை வரைந்த ஓவியங்கள் அந்தப் பயணத்தின் நினைவாகக் கூடத்தில் இருக்கின்றன. வடநாட்டிலிருந்து வந்த சுவடிகளில் கவீந்திராசாரியரின் சேகரிப்பைச் சேர்ந்தவையும் உண்டு. யாத்திரிகர்கள் மீது விதித்திருந்த வரியை நீக்கும்படி ஷாஜகானிடம் வாதாடி வென்றவர் என்று பெயர் பெற்ற 17ஆம் நூற்றாண்டுத் துறவி அவர். காசியில் ஒரு துறவி தம் பெயர் குறித்து வைத்திருந்த ஏடுகள், அவர் காலத்துக்கு நெடுநாள் கழித்து, வெண்ணாற்றங்கரை ஊருக்கு வந்து தங்கியிருக்கின்றன.

ஓலைச்சுவடிப் பேழையின் முன்னால் நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். பனையோலையைப் பதமாக ஊறவைத்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, ஓரம் நறுக்கித் துளையிட்டு, எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். கீறிய உடனே எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மை நின்று எழுத்து எழுந்து வரும். இன்றும் பழைய சுவடிகளுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி ஓலையை முறியாமல் காக்கிறார்கள். அண்ணன் மகள் கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து ஒரு வரியைப் படிக்க முயன்றாள். முதல் சொல்லிலேயே தடுமாறினாள். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடமும் விடுவதில்லை. “இது தமிழே இல்ல அத்தை” என்றாள். நான் மெல்ல எழுத்துக் கூட்டிச் சொன்னேன். நான்காவது எழுத்தில் அவளுக்கு ஒரு சொல் பிடிபட்டது. பிறகு அடுத்த சொல்லும் பிடிபட்டது. அந்த ஒரு வரியை அவள் படித்து முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பின்னால் வந்த மூன்று குடும்பங்கள் எங்களைக் கடந்து போய்விட்டன.

அந்த வரியை அவள் படித்துக்கொண்டிருந்தபோது என் நினைவு எங்கள் பழைய வீட்டுக்குப் போயிற்று. என் தாத்தாவின் தகப்பனார் நாட்டு வைத்தியர். அவர் கைப்பட எழுதியவையும், அவருக்கு முன்னால் யாரோ எழுதியவையுமாக ஐந்தாறு சுவடிக் கட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தனவாம். பூச்சிக்கு வசம்பு வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, சரசுவதி பூசையன்று மட்டும் கீழே இறக்குவார்கள் என்று அப்பாயி சொல்லியிருக்கிறார். படிக்கத் தெரிந்தவர் காலமான பிறகு வீட்டில் யாராலும் அவற்றைப் படிக்க முடியவில்லை. படிக்காத ஏட்டை வீட்டில் வைத்திருந்தால் ஆகாது என்று உறவில் பெரியவர் ஒருவர் சொல்ல, ஓர் ஆடிப்பெருக்கன்று எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டார்கள். “மஞ்சள் துணியோடயே விட்டோம். கொஞ்ச தூரம் மிதந்துதான் போச்சு” என்று அப்பாயி சொல்லும்போது அவர் குரலில் பக்திதான் இருந்தது. தவறு செய்ததாக அவர் நினைக்கவில்லை. ஊரில் பல வீடுகளில் நடந்ததுதான் அது. ஆயினும் ஒவ்வொரு முறை ஓலைச்சுவடியைக் காணும்போதும் அந்த மஞ்சள் மூட்டை என் கண்முன் மிதந்து போகிறது.

அதனால்தான் இந்த நூலகத்தில் என் மனம் அதிகமாக ஒட்டுவது மருத்துவப் பகுதியில். சரபோஜி தன்வந்திரி மகால் என்ற பெயரில் மருத்துவ ஆய்வுக்கென ஓர் இடத்தை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் எல்லாம் அங்கே இடம்பெற்றன. பல ஊர் வைத்தியர்களிடமிருந்து மருந்து முறைகளைத் திரட்டி, பயன்படுத்திப் பார்த்துப் பதிவு செய்தார்கள். திரட்டிய முறைகளை அவைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினார்கள். சரபேந்திரர் என்றும் அழைக்கப்பட்ட சரபோஜியின் மீது சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடிய கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகருக்கு அதில் முக்கியமான பங்கு உண்டு. சரபேந்திரர் வைத்திய முறைகள் என்ற பெயரில் அவை நோய்வாரியாகப் பிரிக்கப்பட்டு, பிற்காலத்தில் இந்த நூலகத்தாலேயே அச்சிடப்பட்டன. கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகளோ இன்னும் நெருக்கமானவை. யாருக்கு என்ன குறை, என்ன சிகிச்சை, பிறகு என்ன ஆயிற்று என்பதையும், நோயுற்ற கண்ணின் படத்தையும் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். கண் எப்படிச் சிவந்திருந்தது, எங்கே படலம் படர்ந்திருந்தது என்பதை ஓவியர் பார்த்து வண்ணத்தில் வரைந்திருக்கிறார். இருநூறு ஆண்டுக்கு முன்னால் இந்த ஊரில் கண் தெரியாமல் தவித்து, யாரோ கைப்பிடித்து அழைத்து வர, அரண்மனை வாசலில் வந்து நின்ற ஒரு மனிதரின் கண் அது. மன்னர்களின் உருவப்படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து எளிய மனிதர் ஒருவரின் கண்ணை இவ்வளவு கவனமாக வரைந்து வைத்ததை வேறெங்கும் நான் அறியேன்.

எங்கள் வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போன ஏடுகளில் இருந்தவற்றில் ஏதேனும் ஒன்று அந்த வைத்திய முறைகளில் இருக்குமா என்று, அச்சு நூல்களை வாங்கிவந்து சில இரவுகள் தேடிப் பார்த்தேன். அப்பாயிக்கு நினைவிருந்தவை இரண்டே மருந்துகள். அவர் சொன்ன அளவுகளோடு பொருந்தும் பாட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆயினும் அந்தச் செய்யுள்களின் நடை, ‘இடித்து, சலித்து, தேனில் குழைத்து’ என்று அப்பாயி வாயால் கேட்ட நடையாகவே இருந்தது.

ஊர் வரலாறு என்று பார்த்தால் இந்த நூலகத்தின் பெருஞ்செல்வம் மோடி ஆவணங்களே என்பது என் எண்ணம். மோடி என்பது மராத்தியை விரைவாக எழுதுவதற்கு வழங்கிய எழுத்துமுறை. தாளின் குறுக்கே முதலில் ஒரு நீண்ட கோடு இழுத்துவிடுவார்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்து எழுத்துகள் தொங்குவதுபோல, எழுதுகோலைக் கூடியவரை எடுக்காமல் எழுதிச் செல்வார்கள். அப்படி எழுதிய அரண்மனை ஆவணங்கள் 1,000-க்கும் மேற்பட்ட கட்டுகளாக இங்கே இருந்தன. வரவு, செலவு, சம்பளம், தானம், வழக்கு, திருவிழா என்று அரண்மனையைச் சுற்றி நடந்த எல்லாவற்றையும் எழுத்தர்கள் நாள்தோறும் எழுதிவைத்தார்கள். யானைக்கு எவ்வளவு தீனி, ஆடல் மகளிருக்கு என்ன சன்மானம், சுவடி படியெடுத்தவருக்கு என்ன கூலி என்ற செய்திகள் அவற்றில் உண்டு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் பரதநாட்டியக் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தியதும், வேதநாயக சாஸ்திரியார் கிறித்தவப் பாடல்கள் பாடியதும் இந்த மன்னர் காலத்துத் தஞ்சையில்தான்.

சத்திரங்களின் கணக்கை எண்ணிப் பாருங்கள். இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மன்னர்கள் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. தம் அன்புக்குரிய முத்தம்மாளின் நினைவாகச் சரபோஜி அதைக் கட்டினார். 1801இல் ரெசிடெண்டு எனப்பட்ட, தஞ்சையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், எல்லாச் சாதியாருக்கும் சத்திரங்களில் உணவு இடப்படுவதையும், நோயுற்றவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் செய்யப்படும் கவனிப்பையும் அவர் விரிவாக எடுத்துச் சொல்கிறார். நாட்டின் நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தவர், சத்திரங்களை மட்டும் தம்மிடம் விட்டுவிடும்படி மன்றாடிய கடிதம் அது. அந்தச் சத்திரங்களில் நாள்தோறும் வெந்த அரிசியின் அளவு கணக்காக எழுதப்பட்டிருக்கிறது என்பதே எனக்கு நிறைவைத் தருகிறது.

மோடியைப் படிக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டது. மீதியை விரைவில் யாராவது படித்துத் தமிழில் தரவேண்டும் என்பது என் ஆசை. கூடவே இன்னொரு விருப்பமும் உண்டு. காட்சிக்கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒரே ஒரு மோடித் தாளை வைத்து, அதன் பக்கத்தில் வரிக்கு வரி தமிழாக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் போதும். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, ஏதோ ஒரு சத்திரம், இத்தனை கலம் அரிசி, இத்தனை படி நெய். லெ புருனின் முகங்களைப் பார்க்க நிற்கிற பிள்ளைகள் அங்கேயும் நிற்பார்கள். தங்கள் ஊர்ப் பெயரை அந்த வரிகளுக்குள் தேடுவார்கள்.

இவையெல்லாம் நம் கைக்கு வந்து சேர்ந்ததும் எளிதாக நடக்கவில்லை. சரபோஜி 1832இல் மறைந்தார். அவர் மகன் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும், கம்பெனி தஞ்சை அரசை முடித்துவைத்து அரண்மனைச் சொத்துகளையும் கைப்பற்றிக்கொண்டது. அரசி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். சென்னையில் அவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை 1859இல் மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் மாற்றிவிட்டது. அந்தக் குழப்பமான ஆண்டுகளில் சுவடிகள் சிதறிப் போகாமல் நின்றதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். பிறகு தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தார். அது 1880இல் லண்டனில் அச்சாகி, இங்கே என்ன இருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொல்லிற்று. 1918இல் அரண்மனை நூலகம் பொது நூலகமாயிற்று.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊரில் இருந்த அறிஞர் குடும்பங்கள் தங்கள் வீட்டுச் சுவடிகளைக் கொண்டுவந்து கொடுத்தன. ஜம்புநாத பட்டர், காகல்கர், பதங்க அவதூதர் ஆகியோரின் சேகரிப்புகள் அப்படி இங்கே சேர்ந்தவை. மன்னரின் சேகரிப்போடு குடிமக்களின் சேகரிப்பும் ஒரே கூரையின் கீழ் வந்தது. இன்று வடமொழிச் சுவடிகள் ஏறக்குறைய 39,000, தமிழ்ச் சுவடிகள் ஏறக்குறைய 3,500, மராத்தி 3,000-க்கு மேல், தெலுங்கு 800-க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரே ஊரில் இத்தனை மொழிகள் எழுதப்பட்டு, படிக்கப்பட்டு, ஒன்றையொன்று தள்ளாமல் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. எங்கள் தெருவில் இன்றும் வீட்டில் மராத்தியும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் உண்டு. சௌராட்டிரம் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. அந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட அண்ணன் மகள், தன் வகுப்புத் தோழிகள் வீட்டில் பேசும் மொழிகளையும் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அதை நான் சொல்லித் தரவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் மஞ்சள் துணி மூட்டை ஏதேனும் இருந்தால், அதைக் கொண்டுவந்து இங்கே காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆற்றுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி அவளைப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். 1803இல் சரபோஜி தம் போன்சலே வம்சத்தின் வரலாற்றை எழுதச் செய்து, கோயில் திருச்சுற்றின் தென்மேற்குப் பகுதியில் கல்லில் வெட்டிவைத்தார். தேவநாகரி எழுத்தில், மராத்தி மொழியில், சுவர் நெடுகப் போகிறது அந்தக் கல்வெட்டு. நந்தியையும் விமானத்தையும் பார்க்க வந்த கூட்டம் அந்தப் பக்கம் வரவில்லை. பள்ளியில் இந்தி படிப்பதால் அவளுக்கு எழுத்துகள் தெரிந்தன, மொழி தெரியவில்லை. சுவரை ஒட்டி நடந்தபடியே எழுத்துக் கூட்டிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்று, இது தஞ்சாவூர் என்ற சொல்லாக இருக்குமா என்று கேட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை. கைப்பேசி விளக்கை ஏற்றிப் பக்கவாட்டில் பிடித்து, இருவரும் அந்த வரியை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினோம்.